எங்களுக்கும் வரி போடுங்கள்

எங்கள் மாவட்ட மன்றத்தின் நிதிப் பிரிவில் வரவு செலவுத் திட்டத்தைத் தொகுப்பது என் வேலை. பதினெட்டு ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன். வீடு ஈப்போவில், அலுவலகம் அங்கிருந்து முக்கால் மணி நேரக் கார்ப் பயணம். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டு நான் பட்ஜெட் என்று சொன்னால், நாடாளுமன்றத்தில் அமைச்சர் வாசிப்பதை நினைத்துக்கொண்டு பெட்ரோல் விலை ஏறுமா என்று விசாரிப்பார்கள். எங்கள் பட்ஜெட்டில் பெட்ரோல் கிடையாது. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, புல் வெட்டு, சந்தைக் கூரை, தெருநாய். அவ்வளவுதான்.

ஆண்டின் முதல் சில மாதங்கள் கழிந்ததும் எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புவேன். அடுத்த ஆண்டுக்கு என்ன வேண்டும், எழுதித் தாருங்கள். பொறியியல் பிரிவு ஒரே ஆண்டில் எல்லாச் சாலைகளுக்கும் தார் கேட்கும். பூங்காப் பிரிவு போன ஆண்டு வாங்கிய புல் வெட்டும் இயந்திரத்தை மறந்துவிட்டுப் புதிதாக இரண்டு கேட்கும். எல்லாவற்றையும் கூட்டினால் மன்றத்துக்கு வரப்போகும் வருமானத்தைத் தாண்டி எங்கோ நிற்கும். பிறகு உட்கார்ந்து வெட்டுவோம். வெட்டியதை நிதிக் குழு பார்க்கும். முழு மன்றக் கூட்டம் ஏற்றுக்கொள்ளும். கடைசியில் மாநில அரசின் ஒப்புதலுக்குப் போகும். நடுவில் ஒரு நாள் பொதுமக்களை மண்டபத்துக்கு அழைத்துக் கருத்துக் கேட்போம்.

அந்தக் கருத்துக் கேட்புக்கு வழக்கமாக முப்பது பேர் வருவார்கள். பாதிப் பேர் வரியைக் குறையுங்கள் என்பார்கள். மீதிப் பேர் தங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் சாக்கடையைப் பற்றிப் பேசுவார்கள். மூலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் தேநீரும் இருக்கும். நான் மேடைக்குக் கீழே ஒரு மேசையில் உட்கார்ந்து சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த கருத்துக் கேட்பில், கூட்டம் தொடங்கிய பிறகு ஒரு பள்ளி வேன் வந்து வாசலில் நின்றது. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வேனை ஓட்டி வந்தவரும் ஒரு பெண்தான். என் வயது இருக்கும், ஐம்பதை நெருங்கியவர். கேள்வி நேரம் வந்ததும் அவர்தான் எழுந்து ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார். மலாயில் பேசினார், தடுமாற்றமே இல்லாமல்.

"நாங்கள் முன்னாள் ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறோம். எங்கள் வீடுகளுக்கு நிலப்பட்டா கிடைத்துவிட்டது. எங்களுக்கு வரி போடுங்கள் என்று கேட்க வந்தோம்."

மண்டபம் சிரித்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "என்னுடையதையும் சேர்த்து நீங்களே கட்டிவிடுங்கள்" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்தார். ஆனால் ஒலிவாங்கியைக் கீழே வைக்கவில்லை.

"குப்பை லோரி எங்கள் சாலைச் சந்திப்பு வரைக்கும் வந்து திரும்பிப் போகிறது. உள்ளே விளக்கு இல்லை. மன்ற அலுவலக முகப்பில் வந்து கேட்டால், உங்கள் பகுதி வரி வசூலிக்கும் பகுதிக்குள் இல்லை, அதனால் பட்ஜெட்டில் எதுவும் கிடையாது என்கிறார்கள். சரி, உள்ளே சேருங்கள். மற்றவர்கள் கட்டுகிற மாதிரி நாங்களும் கட்டுகிறோம்."

சிரிப்பு அடங்கியது. மன்றத் தலைவர் பரிசீலிப்பதாகச் சொன்னார். பரிசீலிப்பதாக என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்தச் சொல் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்து தேநீர் மேசைக்குப் போனபோது அவரே என்னிடம் வந்தார். இந்த முறை தமிழில்.

"மேடம், நீங்கதான் எல்லாத்தையும் எழுதுனீங்க. நாங்க சொன்னத எங்க எழுதுவீங்க?"

அறிக்கையின் பின்னிணைப்பில் என்று சொன்னேன்.

"அந்தப் பட்ஜெட் புத்தகத்துல?"

உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. ஒரு பகுதியை வரிப் பட்டியலில் சேர்க்க, மதிப்பீட்டுப் பிரிவினர் முதலில் ஒவ்வொரு வீட்டையும் அளந்து மதிப்பிட வேண்டும். மாநில அரசு அதை அரசிதழில் அறிவிக்க வேண்டும். அதற்கெல்லாம் ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். இந்த ஆண்டுப் புத்தகம் இன்னும் சில வாரங்களில் மூடிவிடும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப மொதல்ல அளக்கணும். அளக்க ஆள் வரணும்னா அதுக்கும் புத்தகத்துல எழுதியிருக்கணும். அப்படித்தானே?"

அப்படித்தான். பட்ஜெட்டை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட ஆளை நான் எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே அதிகம் பார்த்ததில்லை.

"சனிக்கிழமை வாங்க மேடம். வந்து பாத்துட்டு எழுதுங்க லா. பாக்காம எப்படி எழுதுவீங்க?"

அதுவரை பதினான்கு ஆண்டுகளில் நான் எந்தத் தெருவையும் போய்ப் பார்த்து எழுதியதில்லை. என் மேசைக்கு எண்கள் வரும், நான் சேர்ப்பேன். ஆனாலும் சனிக்கிழமை போனேன். ஈப்போவில் கணவரிடம் சொன்னபோது, அலுவலக வேலைக்கு அலுவலகக் கார் இல்லையா என்று மட்டும் கேட்டார்.

பெரிய சாலையிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ரப்பர் மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. பெயர்தான் இன்னும் தோட்டம். பழைய தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டுக் கட்டிய சிமெண்டு வீடுகள் நான்கு வரிசை, மொத்தம் அறுபத்துச் சொச்சம். தொட்டிச் செடிகள், சாட்டிலைட் தட்டுகள், வாசலில் மோட்டார் சைக்கிள்கள். ஆண்கள் ஈப்போவிலும் பக்கத்துத் தொழிற்பேட்டையிலும் வேலை செய்கிறார்கள். வரிசைகளின் பின்பக்கம் போனதும் நெடி மூக்கில் அடித்தது. குப்பையை எரிக்கும் பள்ளம். பிளாஸ்டிக்கும் குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய பெம்பர்ஸும் பாதி எரிந்து கிடந்தன. காற்று திரும்பினால் கடைசி வரிசையில் ஜன்னல் திறக்க முடியாதாம்.

அந்த வேன் ஓட்டும் பெண்ணை அங்கே எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்தவர்கள்கூட. காலையிலும் மதியத்திலும் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிகளுக்கு ஏற்றிப் போய்க் கொண்டு வருவது அவர்தான். அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு வைத்தார்கள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, பொரித்த கெம்போங் மீன். சாப்பிடும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் என் பேச்சைக் கவனித்துவிட்டு, "நீங்க சிலோன்காரவங்களா மேடம்?" என்று கேட்டார்.

"ஓம். அப்பா கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர்" என்றேன். சொன்ன பிறகுதான், தொழிலாளர்களின் பெயரையும் சம்பளத்தையும் எழுதிய கிராணியின் மகள் என்பதை அந்த வீட்டில் சொல்லியிருக்க வேண்டுமா என்று தோன்றியது. கை சோற்றில் நின்றது.

வேன் அக்கா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார். "எங்க தோட்டத்துக் கிராணியும் சிலோன்காரருதான். நல்ல மனுஷன். காலைல பெரட்டுல ஆள் எண்ணிப் பேரு எழுதும்போது மட்டும் ரெண்டு மூணு பேர விட்டுருவாரு. அன்னைக்குச் சம்பளம் போச்சு." மற்றவர்கள் சிரித்தார்கள். கொஞ்சம் பொறுத்து நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் என்னை மேடம் என்று அழைக்கவில்லை, அக்கா என்றார். நானும் அவரை அக்கா என்றேன். எங்களில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு சுருளைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். நான்கு மணிலா அட்டைகளை ஒட்டி வரைந்த படம். பள்ளிப் பிள்ளைகளை எந்த வீட்டு வாசலில் ஏற்ற வேண்டும் என்பதற்காக முதலில் போட்டதாம். பிறகு ஒவ்வொருவராகச் சேர்த்துச் சேர்த்து எல்லா வீடும் அதில் வந்துவிட்டது. கதவு எண், வீட்டுக்காரர் பெயர், எத்தனை அறை, யார் பின்னால் அடுப்படியை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், யார் முன்னால் கார் நிறுத்தத் தகரம் போட்டிருக்கிறார்கள். இழுத்துக் கட்டிய இடத்துக்கெல்லாம் பச்சை வண்ணம். பிள்ளைகளின் வண்ணப் பென்சில்.

"அளக்க வரவங்களுக்கு ஒதவும்னு போட்டோம்" என்றார். "மறைச்சு வச்சுட்டு அப்புறம் தகராறு வேணாம்ல."

திங்கட்கிழமை அந்தப் படத்தை மதிப்பீட்டுப் பிரிவுக்கு எடுத்துப் போனேன். அந்தப் பிரிவின் தலைவர் ஒரு சீனப் பெண். எப்போதும் ஆள் பற்றாக்குறை என்பவர். இருக்கும் இரண்டு பேரை அங்கே அனுப்பினால் இரண்டு வாரம் போய்விடும் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். படத்தை விரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது இருந்தால் மூன்று நாள்" என்றார். பிறகு, "இதை யார் வரைந்தது? வேலைக்கு வருவாரா?" என்று கேட்டார்.

நிதி இயக்குநரைச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அவர் பாரிட் புந்தார் நெல்வயல்காரர் ஒருவரின் மகன், மலாய்க்காரர், நிதானமாகப் பேசுபவர். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மலாய் வழக்கப்படி அவருக்கு நான் புவான், எனக்கு அவர் துவான்.

"புவான், வருமானம் இல்லாத இடத்துக்குச் செலவு எழுதினால் தணிக்கைக்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள்."

"தோட்டத்துக்குள் எதுவும் எழுதவில்லை, துவான். அளவெடுக்கும் செலவு மதிப்பீட்டுப் பிரிவில் வரும். அது வருமானத்தைத் தேடிப் போகும் செலவு. பெரிய குப்பைத் தொட்டி ஒன்றைச் சந்திப்பில் வைக்கலாம். சந்திப்பு நம்முடைய சாலை."

அவர் சாலை வரைபடத்தை வரவழைத்துப் பார்த்தார். சந்திப்பு எங்களுடையதுதான். "சரி" என்றார். "எதை எடுத்துவிட்டு இதைப் போடுவீர்கள்? எல்லாம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுதோறும் எங்கள் பிரிவு பட்ஜெட் பட்டறை என்று மூன்று நாள் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போகும். ஹோட்டலில் தங்கிக் கணக்குப் போடுவோம். உண்மையில் முதல் நாள் மட்டும் கணக்கு. மற்ற நாட்களில் தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரி, குளிர். எனக்கும் அது ஆசைதான். ஆண்டில் அந்த மூன்று நாள்தான் நான் ஸ்வெட்டர் போடுவேன்.

"பட்டறையை நம் கூட்ட அறையிலேயே நடத்தலாம்" என்றேன்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். "உங்கள் ஆட்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார்.

என் பிரிவில் என்னைத் தவிர மூன்று பேர். இருவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். மூன்றாமவர், பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரி கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தவர், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கோப்பை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். பட்டறை நாள் வந்தது. கூட்ட அறையின் ஏர்கானைக் கேமரன் மலைக் குளிருக்கு வைத்துவிட்டு, அவர் ஒரு கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை. மதியத்துக்குள் வீட்டிலிருந்து கொண்டுவந்த குவே பலகார டப்பாவைத் திறந்து முதலில் என் பக்கம்தான் நீட்டினார்.

நிதிக் குழுவில், அளவெடுப்பு, தொட்டி என்ற அந்த இரண்டு செலவுக் குறிப்புகளை யாரும் கவனிக்கவே இல்லை. சந்தைக் கூரையைப் பற்றியே பேச்சு ஓடியது. முழு மன்றக் கூட்டம் வந்தபோது வேன் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் பார்வையாளர் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். மூவரும் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். உறுப்பினர்கள் மேசைகளில் புத்தகம் வைக்கப்பட்டிருந்தது. இயக்குநர் வருமானத்தையும் செலவையும் சுருக்கமாக வாசித்தார். இரும்புக் கடை வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் மட்டும் கை உயர்த்தினார்.

"மதிப்பீட்டுப் பிரிவில் புதிய பகுதிக் கள ஆய்வு என்று இருக்கிறதே, அது அந்தத் தோட்டமா? இதுவரை ஒரு காசு கட்டாத இடத்துக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?"

நான் இயக்குநருக்குப் பின்னால் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு துண்டுச் சீட்டில் பதில் எழுதத் தொடங்கினேன். அதற்குள் இயக்குநரே எழுந்துவிட்டார்.

"முப்பது ஆண்டு இந்த வேலையில் இருக்கிறேன். என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் குறைக்கச் சொல்லித்தான் வந்தார்கள். கட்டுகிறோம், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்தவர்கள் இவர்கள்தான். அவர்களைத் திருப்பி அனுப்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை."

அந்த உறுப்பினர் பார்வையாளர் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்று சேலைகள். "அப்படியானால் எனக்கு மறுப்பு இல்லை" என்று உட்கார்ந்தார். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், எல்லோரும் சம்மதம் என்றார்கள். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

நான் வெளியே வந்தபோது வேன் அக்கா நடைபாதையில் காத்திருந்தார்.

"முடிஞ்சிருச்சா அக்கா?"

"முடிந்துவிட்டது."

"அரை மணி நேரம்கூட ஆகல. ஆறு மாசம் வேலைன்னீங்க?"

"சண்டையெல்லாம் ஆறு மாசத்தில் போட்டு முடித்துவிட்டுத்தான் இங்கே வருவோம்."

புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். விரலை வைத்து மெதுவாக வாசித்தார். தோட்டத்தின் பெயர் அதில் இல்லையே என்று கேட்டார். இடங்களின் பெயரை எழுதுவதில்லை, செலவின் பெயர்தான் என்றேன். கொஞ்சம் ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, அங்கேயே நின்று தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். இரும்புக் கடைக்காரர் எங்களைக் கடந்து போகும்போது நின்று, அந்தச் சந்திப்புக் குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்குமா, குரங்குகள் வருமே என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

மாநில அரசின் ஒப்புதலுக்கான பிரதிகளை வழக்கமாக ஓட்டுநர் ஈப்போவுக்குக் கொண்டுபோவார். அந்த முறை நானே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழிதானே என்று சொன்னேன். மாநிலச் செயலகத்தில் ஒரு சின்னப் பெண் முத்திரை குத்தி, தலை நிமிராமல் ரசீது தந்தாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் எனக்கு நல்ல பசி. பழைய பட்டணத்துக்குப் போய் ஒரு வெள்ளைக் காப்பியும் வாட்டிய ரொட்டியும் சாப்பிட்டேன். தனியாகப் போய் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டது எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சந்திப்புக்குத் தொட்டி வந்தது. மூடி போட்டதுதான். அளவெடுப்பு மூன்று நாள் என்று சொன்னது நான்கு நாளானது. ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது குடிக்கக் கொடுத்து அதிகாரிகளை உட்கார வைத்துவிட்டார்களாம். அரசிதழ் அறிவிப்புக்குத்தான் நாங்கள் நினைத்ததைவிட நாளானது. நடுவில் இரண்டு முறை வேன் அக்கா அலுவலகத்துக்கு வந்து, "என்னாச்சுக்கா, மறந்துட்டாங்களா?" என்று கேட்டார். நானும் செயலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வந்தது. அதற்கடுத்த ஆண்டு பட்ஜெட்டில் வருமானப் பக்கத்தில் ஒரு சின்னத் தொகை கூடியது. செலவுப் பக்கத்தில் குப்பை லோரியின் பாதை உள்ளே இரண்டு கிலோமீட்டர் நீண்டது. விளக்குகள் கேட்டதில் பாதிதான் கிடைத்தன. வளைவுகளிலும் கோயில் முன்னாலும் போட்டார்கள். எரிக்கும் பள்ளத்தை மண் போட்டு மூடி, அதன்மேல் பூப்பந்து ஆடக் கோடு கிழித்துவிட்டார்கள்.

முதல் வரிச் சீட்டுகள் தோட்டத்துக்குப் போன வாரம், வேன் அக்கா முகப்புக்கு வந்திருக்கிறார் என்று கீழிருந்து அழைப்பு வந்தது. பணம் கட்டத்தான் வந்திருக்கிறார், கட்டும்போது பக்கத்தில் நிற்கச் சொல்லிப் படம் எடுப்பார் என்று நினைத்து முடியைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன்.

அவர் கையில் வரிச் சீட்டும் ஆட்சேபப் படிவமும் இருந்தன.

"அக்கா, எனக்கு அளவு கூடப் போட்டுருக்காங்க. பின்னாடி அடுப்படி பத்தடிதான். பன்னெண்டுன்னு எழுதியிருக்காங்க. இந்தப் பாரத்த எப்படி நெரப்பணும்?"

உங்கள் படத்தில் நீங்களே பச்சை அடித்துக் கொடுத்தீர்களே என்றேன்.

"பச்ச அடிச்சேன். பன்னெண்டடின்னு எழுதலையே."

நான் நிதிப் பிரிவுக்காரி. ஆட்சேபத்தில் தலையிடக் கூடாது. பாரத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னேன். விசாரணை நாளில் அவர் அளவு நாடாவைக் கையோடு கொண்டுவந்தார். அதிகாரி ஒருவர் திரும்பவும் போய் அளந்தார். பத்தடி ஆறு அங்குலம். திருத்திக் கொடுத்தார்கள்; வரியில் சொற்பம் குறைந்தது. அவர் அன்றைக்கே கட்டிவிட்டு, ரசீதைப் பையில் வைத்தார்.

எனக்கு அன்று அரை நாள் விடுப்பு; என் கார் ஈப்போவில் பழுது பார்க்கக் கொடுத்திருந்தது. "வாங்கக்கா, ஈப்போ பஸ் நிக்கிற எடத்துல விட்டுர்றேன். மத்தியானப் பிள்ளைங்க ரெண்டு மணிக்குத்தான்" என்றார். வேனில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் யாரோ மறந்து விட்டுப்போன தண்ணீர்ப் புட்டி ஒன்று வளைவுகளில் உருண்டுகொண்டிருந்தது. அடுத்த ஆண்டுக்குப் பாலர் பள்ளிக்கு முன்னால் வேகத்தடை ஒன்று கேட்கப் போவதாகச் சொன்னார். எந்தப் பிரிவுக்கு எழுத வேண்டும், எப்போது எழுத வேண்டும் என்று கேட்டார். பொறியியல் பிரிவு, சுற்றறிக்கை போவதற்கு முன்னால் என்றேன். பேசிக்கொண்டே போனதில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்டோம்.